ஏரிக்கரைக்கும் அரங்கேற்ற மேடைக்கும் ஒரே கேமரா போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பருவம் தொடங்கியதும் ஞாயிறுதோறும் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போகிறீர்கள். விடுமுறை நாள்களில் கோயில் சிற்பங்களைப் படமெடுக்கிறீர்கள். வரும் தை மாதம் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். இதுவரை செல்பேசியில் எடுத்த படங்களில் நாரை வெறும் வெள்ளைப் புள்ளியாகவே விழுகிறது என்பதால், ஒரு இலட்ச ரூபாய்க்குள் நல்ல கேமரா ஒன்று வாங்க நினைக்கிறீர்கள். கடைக்காரர், லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவை இரண்டு லென்ஸுடன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். உடன் வரும் நண்பரோ, 83 மடங்கு ஜூம் உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவே போதும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

இரண்டு வகையையும் பல ஆண்டுகள் தோளில் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று வேலைகளில் ஒன்றுக்கு நண்பர் சொல்வது சரி, ஒன்றுக்குக் கடைக்காரர் சொல்வது சரி, மூன்றாவதற்கு எதை வாங்கினாலும் பெரிய வேறுபாடு இல்லை. இப்படிப் பிரிந்து போவதற்கான காரணம் புரிந்துவிட்டால், பிறகு எந்தக் கடையில் எந்த மாடலைக் காட்டினாலும் நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்துவிடலாம். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம், படத்தைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் அளவு. அதில் பொய் இல்லை. பிரிட்ஜ் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பு 28 சதுர மி.மீ. கேனான் இஓஎஸ் ஆர்50 போன்ற தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராவில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பு சுமார் 332 சதுர மி.மீ. அதாவது ஏறத்தாழ 12 மடங்கு. இரண்டுக்கும் நடுவில், '1 அங்குலம்' என்று விற்கப்படும் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. சென்சார் ஒன்று உண்டு. அதன் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வழங்கிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால், சென்சார் பெரிதாக இருந்தால் மட்டும் ஒளி தானாக வந்து நிரம்பிவிடாது. பாத்திரம் எவ்வளவு பெரிதானாலும் குழாயின் வாய் சிறிதென்றால் அந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். கேமராவில் அந்த வாய், லென்ஸை முன்பக்கமாகப் பார்க்கும்போது உள்ளே வட்டமாகத் தெரியும் திறந்த துளை. அதன் அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது: லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் திறந்தால் துளை சுமார் 28 மி.மீ. ஒரே தொலைவில் இருக்கும் ஒரே பறவையை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது, அந்தப் பறவையிலிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பதை இந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. இருட்டில் படம் பொரிப்பொரியாக வருவதற்கும் வராமலிருப்பதற்கும் முதன்மையான காரணம் இதுவே. விளம்பர அட்டையில் மெகாபிக்சல் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த எண் இருக்காது. நாம்தான் வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஏரிக்கரைக்குப் போவோம். உங்கள் நண்பர் சொல்லும் 83 மடங்கு ஜூம், நிக்கான் கூல்பிக்ஸ் பி950ஆக இருக்க வேண்டும். 2015இல் வந்த பி900 கேமராவின் வழியில் 2020இல் வந்தது அது. ஃபுல் ஃபிரேம் கணக்கில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாரில் அதே காட்சியைத் தரும் நீளமாகச் சொன்னால்) 24 முதல் 2000 மி.மீ. வரை நீளும், உண்மையான குவியத் தூரம் கடைசிக் கட்டத்தில் 357 மி.மீ., எஃப்/6.5. வகுத்தால் துளை 55 மி.மீ. கடைக்காரர் சொல்வது ஆர்50 என்று வைத்துக்கொண்டால், அதன் இரட்டை லென்ஸ் பெட்டியில் உள்ள நீண்ட லென்ஸ் 55-210 மி.மீ.; கடைசிக் கட்டத்தில் எஃப்/7.1. வகுத்தால் 30 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பரப்பில் பார்த்தால், தொலைவில் இருக்கும் நாரையிலிருந்து பிரிட்ஜ் கேமரா வாங்கும் ஒளி, மிரர்லெஸ் வாங்குவதைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். சிறிய சென்சார் என்று நாம் ஒதுக்கிவைத்த கேமராதான் இங்கே முந்துகிறது.

படத்தில் பறவை எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதையும் பாருங்கள். கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, நீருக்குள் நிற்கும் மரத்தில் ஒரு சங்குவளை நாரை இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். 210 மி.மீ. லென்ஸில், ஏபிஎஸ்-சி சென்சாருக்கான 1.6 மடங்கையும் சேர்த்து ஃபுல் ஃபிரேம் கணக்கில் 336 மி.மீ. என்று கொண்டால், சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை 7 மீட்டர் காட்சி அடங்கும். நாரை அதில் ஏழில் ஒரு பங்கு. 2000 மி.மீ. நீட்டிப்பில் சட்டத்தின் உயரம் 1.2 மீட்டர்தான், நாரை முழுச் சட்டத்தையும் நிறைத்து நிற்கும், அலகின் மஞ்சளும் இறக்கை ஓரத்து இளஞ்சிவப்பும் தனித்தனியே தெரியும். செல்பேசியில் வெள்ளைப் புள்ளியாக விழுந்தது உங்கள் குறை என்றால், அதற்கு நேரான மருந்து இதுதான்.

மிரர்லெஸ் கேமராவால் இது முடியாது என்பதில்லை. அதே ஆர்50இல் 2021இல் வந்த ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸைப் பூட்டினால், 400 மி.மீ., எஃப்/8 என்று துளை 50 மி.மீ. ஆகிவிடும், பிரிட்ஜ் கேமராவுக்கு ஏறக்குறைய சமம். கேமரா உடலும் இந்த லென்ஸும் சேர்ந்து எடை ஒரு கிலோவைத் தொடும். பி950இன் எடையும் ஒரு கிலோதான். ஆனால் 400 மி.மீ. லென்ஸ் 640 மி.மீ. நீட்டிப்பையே தரும் என்பதால், 2000 மி.மீ. சட்டத்துக்கு நிகராக வெட்டி எடுத்தால் 2.4 கோடி பிக்சலில் 25 இலட்சம்தான் மிஞ்சும். செல்பேசித் திரைக்கும் சிறிய அச்சுக்கும் அது போதும். சுவரில் மாட்டும் பெரிய அச்சுக்குப் போதாது. இவை எல்லாவற்றையும் விட, உடலையும் இந்த லென்ஸையும் சேர்த்து வாங்கினால் நீங்கள் சொன்ன ஒரு இலட்சம் தாண்டிவிடும்.

பறவை அமர்ந்திருக்கும்வரைதான் மேலே சொன்ன கணக்கு. அது எழும்பிவிட்டால் நிலைமை மாறும். நத்தைகுத்தி நாரை கிளையை விட்டு எழும் கணத்தில் ஃபோகஸ் அதன் கண்ணைப் பற்றிக்கொண்டே தொடர வேண்டும். அண்மைக்கால மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் தலையைத் தாமே கண்டுபிடித்து அதைச் செய்கின்றன. பி950 போன்றவை அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. பறவை சட்டத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் ஃபோகஸ் நிலைக்கும். பறக்கும் படங்களே வேண்டும் என்பவருக்கு நான் பிரிட்ஜ் கேமராவைச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு விலக்கு, 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. 1 அங்குலச் சென்சார், 24-600 மி.மீ., கடைசிக் கட்டத்திலும் எஃப்/4 வரை திறக்கும் லென்ஸ், நொடிக்கு 24 படங்கள் என்று அது தனி இனம். அதன் விலையும் உங்கள் வரம்புக்கு வெளியே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 2000 மி.மீ. வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே மனம் நொந்து போவது இதனால்தான். காலை 10 மணிக்குப் பிறகு ஏரியின் மேல் காற்று கொதிக்கத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வியூஃபைண்டரில் பார்த்தால் நாரையின் விளிம்பு அடுப்புக்கு மேல் தெரியும் சுவர் போல நெளியும். அந்த நேரத்தில் எந்த விலை லென்ஸாலும் இறகைப் பிரித்துக் காட்ட முடியாது. வாயில் திறந்ததும் உள்ளே போய், வெயில் ஏறுவதற்குள் நீண்ட ஜூமின் வேலையை முடித்துவிடுங்கள்.

அடுத்தது அரங்கேற்றம். இங்கே அதே துளைக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. முதல் வரிசையிலிருந்து ஆடுபவரை முழு உருவமாக எடுக்க 80 மி.மீ. அளவு நீட்டிப்புப் போதும். பி950இல் அந்த இடத்தில் உண்மையான குவியத் தூரம் 14 மி.மீ.; எஃப்/3.5 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் துளை 4 மி.மீ.தான். ஆர்50இல் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பூட்டினால் துளை 28 மி.மீ. பரப்பில் 49 மடங்கு. ஏரிக்கரையில் நாம் பார்த்த மூன்று மடங்கு எங்கே, இது எங்கே! ஒரு கேமராவின் படத்தில் சலங்கை மணிகள் எண்ணும்படி நிற்கும். மற்றதில் முகமே மெழுகாக உருகித் தெரியும். தொலைவில் வேலைசெய்யும்போது விரிந்து திறக்கும் அந்தப் பெரிய ஜூம் லென்ஸ், அருகில் வரும்போது ஊசித் துளையாகச் சுருங்கிவிடுவது அதன் அமைப்பிலேயே உள்ள குறை. அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

ஆயினும் ஒரு விவரம் உண்டு. அடவுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கையும் காலும் தெளிவாக நிற்க 1/400 நொடியாவது வேண்டும். ஆனால் தீர்மானம் என்னும் முத்தாய்ப்பு அடவுக்கோவை முடிந்து கடைசித் தட்டு விழும் கணத்தில் உடல் அரைமண்டியில் உறைந்து நிற்கிறதல்லவா, அந்த ஒரு கணத்துக்கு 1/100 நொடியே போதும். தாளம் தெரிந்த தகப்பனுக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். எளிய கேமராவை வைத்துக்கொண்டு மேடை நிகழ்ச்சிகளை எடுத்தவர்கள் இப்படிக் காத்திருந்துதான் எடுத்தார்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். அபிநயத்தில் ஊன்றியிருக்கும் பெண்ணின் கண்ணில் அது அறைவது போல் விழும்.

இந்த இடத்தில் கடைக்காரர் சொன்ன இரட்டை லென்ஸ் பெட்டியை மறுபடியும் பார்க்க வேண்டும். அதில் 50 மி.மீ. எஃப்/1.8 கிடையாது. இருப்பது உடலோடு சேர்த்தே தரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ், 45 மி.மீ.இல் அது எஃப்/6.3. வகுத்தால் துளை 7 மி.மீ. அரங்கில் இதை வைத்து எடுத்தாலும் பிரிட்ஜ் கேமராவை விட மூன்று மடங்குதான் ஒளி, 49 மடங்கு அல்ல. லென்ஸ் மாற்றும் கேமராவின் பலம் முழுவதும் லென்ஸை மாற்றுவதில்தான் இருக்கிறது. கிட் லென்ஸோடு வாங்கி, அதே லென்ஸோடு ஐந்து ஆண்டு வைத்திருந்து, பிறகு அலமாரியில் படுக்கப்போடும் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கியது பாதிக் கேமரா. மீதிப் பாதியை வாங்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்த 50 மி.மீ. லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும், 160 கிராம்தான், லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றுள் ஒன்று.

சிற்பங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல் அசையாது. பிராகாரத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, 1/15 நொடியில் எடுத்தாலும் இரண்டு கேமராவிலும் நடுக்கம் இல்லாமல் வரும். தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதால் இந்தத் தூண் பழக்கம் எப்படியும் கைவர வேண்டும். அகலக் காட்சிக்கு பி950 24 மி.மீ. தருகிறது, ஆர்50 கிட் லென்ஸ் 29 மி.மீ. தருகிறது, குறுகிய மண்டபத்தில் பிரிட்ஜுக்குச் சிறிது வசதி. கோபுரத்தின் மேல் நிலையில் உள்ள சுதைச் சிற்பத்தின் முகத்தை எடுக்கவும் அதுவே வசதி.

கையாளும் முறையில் உள்ள வேறுபாட்டையும் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு முறை வேடந்தாங்கல் கரையில், குடும்பத்தைப் படமெடுக்கக் கிட் லென்ஸைப் பூட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாரை வாயில் நீளமான குச்சியோடு வந்து கூட்டில் இறங்கியது. துணை நாரை கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டது. நான் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, லென்ஸைத் திருகுவதற்குள் குச்சி கூட்டுக்குள் போய்விட்டது. என் பக்கத்தில் பிரிட்ஜ் கேமராவோடு நின்ற பெரியவர் ஒருவர், முழு மரத்தையும் எடுத்து, விரல் ஒன்றை மட்டும் அசைத்து, அடுத்த நொடியில் நாரையின் கண்ணையே எடுத்துவிட்டார். அன்று நான் தவறவிட்டதற்கு என் கேமராவின் சென்சார் எந்த ஆறுதலும் தரவில்லை.

மறுபக்கமும் எனக்கு நேர்ந்திருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாத என் முதல் ஆல்-இன்-ஒன் கேமராவை தனுஷ்கோடி மணலில், காற்று வீசும் மாலையில் எடுத்துப் போனேன். ஜூம் குழல் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கும். கூடவே மணலையும் இழுத்தது. மறுநாள் கேமராவை இயக்கியதும் கரகரவென்று ஒரு சத்தம், குழல் பாதியில் நின்றது, திரையில் லென்ஸ் பிழை. பழுதுபார்க்கக் கேட்ட தொகை கேமரா விலையில் பாதிக்கு மேல். லென்ஸ் மாற்றும் கேமராவாக இருந்தால் லென்ஸ் மட்டும் போயிருக்கும், உடல் தப்பியிருக்கும். ஆல்-இன்-ஒன்னில் தூசி புகாது, லென்ஸ் மாற்றும் கேமராவில்தான் புகும் என்று சொல்வார்கள்; பாதிதான் உண்மை. மிரர்லெஸ் சென்சாரில் விழும் தூசியை ஊதுகுமிழால் நாமே ஊதிவிடலாம். மற்றதில் உள்ளே போன துகளை எடுக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும்.

காலக்கணக்கிலும் இரண்டும் வேறு. கேமராவின் உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் ஆகாது. லென்ஸை உடலோடு பூட்டும் வளையமான எஃப் மவுண்ட்டை நிக்கான் 1959இல் கொண்டுவந்தது. 1977இல் அந்த மவுண்டில் வந்த லென்ஸை இன்றைய நிக்கான் மிரர்லெஸ் உடலில் ஓர் அடாப்டர் வழியாகப் பூட்டிக் கையால் ஃபோகஸ் செய்து படமெடுக்கலாம். பிரிட்ஜ் கேமராவில் லென்ஸும் உடலும் ஒன்றாகவே மூப்படைகின்றன. அதோடு, அந்தச் சந்தையும் சுருங்கிவிட்டது. 2010இல் உலகம் முழுவதும் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023இல் அது 80 இலட்சத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி லென்ஸ் மாற்றும் கேமராக்கள். 2025இல் நிக்கான் கொண்டுவந்த பி1100, 2018இல் வந்த பி1000இன் அதே 125 மடங்கு ஜூம் லென்ஸோடுதான் வந்தது. புதிது வரும் என்று இந்த வகைக்காகக் காத்திருப்பதில் பயன் இல்லை. வேண்டுமென்றால் இருப்பதை வாங்க வேண்டியதுதான்.

எதை வாங்கினாலும், கடலோரக் காற்று உள்ள ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், உள்ளே வைக்க ஒரு சிறிய ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும்.

இனி உங்களுக்கான முடிவு. நீங்கள் எழுதியதில் பறவைகள் ஞாயிறுதோறும் வருகின்றன, அரங்கேற்றம் ஒரே ஒரு மாலை. பறக்கும் பறவைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நாரையின் முகம் தெரிய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இலட்சத்துக்குள் இந்தத் தேவைக்கு நான் சொல்வது உங்கள் நண்பர் சொன்ன பிரிட்ஜ் கேமராதான். கடைக்காரர் தரும் இரட்டை லென்ஸ் பெட்டி ஏரிக்கரையிலும் குறைபடும், அரங்கிலும் குறைபடும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் மகளின் நிகழ்ச்சிகள் தொடரும், இரண்டு ஆண்டுக்குள் 100-400 லென்ஸுக்கும் பணம் சேர்த்துவிடுவேன் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் என் விடை மாறும்: அப்போது உடலைக் கிட் லென்ஸோடு மட்டும் எடுத்து, அன்றே 50 மி.மீ. எஃப்/1.8ஐயும் வாங்கிக்கொண்டு, இந்தப் பருவத்துக்கு நாரைகளைத் தொலைநோக்கியில் பாருங்கள். அந்த உறுதி அரைகுறையாக இருந்தால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

பிரிட்ஜ் கேமராவை எடுத்தால் அரங்கேற்றத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சென்னையில் மிரர்லெஸ் உடலும் 50 மி.மீ. லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடையாளச் சான்றும் முன்பணமும் கேட்பார்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். மண்டபத்தில் ஒத்திகை நடக்கும்போது அதே விளக்குகளின் கீழ் எஃப்/2, 1/400 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) தானியங்கி, மேல்வரம்பு 6400 என்று வைத்து ஐம்பது படங்கள் எடுத்துப் பாருங்கள். எல்இடி விளக்குகளால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்தால், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கி, தீர்மானங்களுக்காகக் காத்திருங்கள். அலாரிப்பும் ஜதிஸ்வரமும் முடியும்வரை நீங்கள் எடுத்துவிட்டு, வர்ணம் தொடங்குவதற்கு முன் கேமராவை அண்ணன் மகன் கையிலோ மைத்துனர் கையிலோ கொடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். முந்தைய நாள் ஒத்திகைக்கு அவரையும் அழைத்துப் போயிருந்தால், கொடுப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.